தரையைப் பாருங்க பாஸ்... மரகதம் நடக்குது!

ஒரு குட்டி க்விஸ். தமிழ்நாட்டின் மாநிலப் பறவை எது?

'மயில்' என்று அவசரப்பட்டுக் கத்தியவர்கள் கொஞ்சம் உட்காருங்க, அது தேசியப் பறவை. 'மரகதப் புறா' என்று சொன்னவர்களுக்கு ஒரு சபாஷ். எப்படியும் ஏதாவது ஒரு போட்டித் தேர்வு கைடில் உருப்போட்டிருப்பீங்க. சரி, ரெண்டாவது கேள்விக்கு வருவோம். அந்த மரகதப் புறாவை நேரில் பார்த்திருக்கீங்களா?

சத்தமே காணோமே!

வெட்கப்பட ஒண்ணும் இல்லை. வரையாட்டைப் பார்க்க மூணாறு, வால்பாறை என்று பஸ் பிடிக்கிறோம். பனை மரம் வழியெல்லாம் நிற்கிறது. செங்காந்தள் மழைக்காலத்தில் வேலியோரத்திலேயே பூக்கும். 2019-ல் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவிக்கப்பட்ட 'தமிழ் மறவன்' கூட வாட்ஸ்அப்பில் சுற்றோ சுற்று என்று சுற்றியது. பாவம், இந்தப் புறாதான் கைடு புத்தகத்தின் ஒரு வரியிலேயே குடியிருக்கிறது.

இதில் திருநள்ளாறு, காரைக்கால் பசங்களுக்கு எக்ஸ்ட்ராவாக ஒரு குழப்பம் உண்டு. நீங்க இருப்பது புதுச்சேரி ஆட்சிக்குள். உங்க மாநிலப் பறவை குயில். 2007-ல் புதுச்சேரி அரசு குயிலைப் பறவையாகவும், அணிலை விலங்காகவும், வில்வத்தை மரமாகவும், நாகலிங்கத்தைப் பூவாகவும் அறிவித்தது. ஆனால் நீங்க திருநள்ளாற்றில் பஸ் ஏறி அம்பகரத்தூர் தாண்டி பேரளம் போய் இறங்கினால் தமிழ்நாடு. அரை டிக்கெட் தூரத்தில் உங்க பறவை மாறிவிடும்! குயிலாவது பரவாயில்லை, பங்குனி பிறந்தால் ஹாஸ்டல் ஜன்னலுக்கு வெளியே விடியற்காலை நாலரைக்கே ஆரம்பித்து செமஸ்டருக்குப் படிக்கிறவன் தூக்கத்தைக் கெடுக்கும். பக்கத்து வீட்டுப் பறவையான மரகதப் புறாவை அந்த மாதிரி ஜன்னலில் எதிர்பார்க்க முடியாது.

ஏன் முடியாது என்பதுதான் இந்த வாரக் கதை.

முதலில் ஆள் எப்படி என்று பார்த்துவிடுவோம். மைனாவை விடக் கொஞ்சம் பெரிசு, கோயில் கோபுரத்தில் இருக்கும் மாடப் புறாவை விடச் சிறிசு. அலகிலிருந்து வால் வரை சுமார் 25 சென்டிமீட்டர். முதுகும் இறக்கையும் பளபளக்கும் பச்சை. தலை, கழுத்தின் பக்கம், மார்பு எல்லாம் பழைய ஒயின் நிறத்தில் மங்கலான ஊதா கலந்த இளஞ்சிவப்பு. ஆண் புறாவுக்கு உச்சந்தலை சாம்பல், நெற்றியும் புருவமும் வெள்ளை, விபூதி பூசிக்கொண்டு கிளம்பின மாதிரி. தோள்பட்டையில் ஒரு வெள்ளைத் திட்டு. அலகு பவழச் சிவப்பு. பறக்கும்போது முதுகின் அடிப்பக்கத்தில் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் பளிச்சென்று தெரியும். பெண் புறா இவ்வளவு மேக்கப் போடாது. தலையில் பழுப்பு கூடுதல், தோளில் வெள்ளைக்குப் பதில் சாம்பல் திட்டு.

அந்தப் பச்சையில் ஒரு வித்தை இருக்கிறது. அதை வெறும் சாயம் என்று நினைத்துவிடாதீங்க. சோப்புக் குமிழியிலும், மழைத் தண்ணீரில் மிதக்கிற பெட்ரோல் படலத்திலும் வண்ணம் ஓடுமே, கிட்டத்தட்ட அதே சங்கதி. இறகின் நுண்ணிய அடுக்குகளில் வெளிச்சம் பட்டுத் திரும்பும்போதுதான் அந்த மினுமினுப்பு பிறக்கிறது. அதனால் மரநிழலில் நிற்கும்போது அது ஏதோ ஒரு மங்கலான பறவை. கிளை இடுக்கு வழியாக ஒரு கீற்று வெயில் முதுகில் விழுந்ததோ இல்லையோ, மரகதம்! அடுத்த அடி எடுத்து வைத்ததும் அணைந்துவிடும். இதன் விஞ்ஞானப் பெயரின் முதல் பாதி 'சால்கோஃபாப்ஸ்'. கிரேக்க மொழியில் 'வெண்கலப் புறா' என்று அர்த்தம். பேர் வைத்தவர் அதை எந்த வெளிச்சத்தில் பார்த்தாரோ! பின்பாதி 'இண்டிகா', இந்தியாவுக்குரியது. 1758-லேயே லின்னேயஸ் தன் பட்டியலில் இதைச் சேர்த்துவிட்டார். பேரில் இந்தியா இருந்தாலும், இலங்கையிலிருந்து மலேசியா, இந்தோனேசியா வரைக்கும் இதற்குச் சொந்தபந்தம் உண்டு.

இங்கே ஒரு எச்சரிக்கை. பச்சையாக இருக்கும் புறாவெல்லாம் மரகதப் புறா ஆகிவிடாது. ஆலமரம், அரசமரம் பழுத்திருக்கும்போது கூட்டமாக வந்து உட்கார்ந்து, இலையோடு இலையாகக் கலந்துவிடும் பச்சைப் புறாக்கள் தனி ஜாதி. அதில் மஞ்சள் கால் பச்சைப் புறா மகாராஷ்டிராவின் மாநிலப் பறவை. அவை எல்லாம் மேல்மாடிக்காரர்கள், மரத்தை விட்டு அனாவசியமாக இறங்காது. நம்ம மரகதம் கிரவுண்ட் ஃப்ளோர். உதிர்ந்த விதை, கீழே விழுந்த பழம், சமயத்தில் ஒரு கரையான், இவைதான் அதன் மெனு. கூட்டம் கூட்டாது. தனியாகவோ ஜோடியாகவோ காட்டுப் பாதையில், சருகுக்கு நடுவே குட்டிக்குட்டி அடிவைத்து நடந்துகொண்டிருக்கும். நீங்க நெருங்கினால் உடனே பறக்கக்கூடப் பறக்காது. 'நமக்கெதுக்கு வம்பு' என்று பக்கத்துப் புதருக்குள் நடந்தே நழுவிவிடும். இன்னும் நெருங்கினால்தான் ஒரு சடசடப்பு. தரையிலிருந்து ஆள் உயரத்துக்கு, மரங்களுக்கு இடையில் வளைந்து நெளிந்து அம்பு மாதிரி ஒரு பச்சைக் கோடு. அவ்வளவுதான், போயே போச்சு.

ஆக, இதற்கு வேண்டிய 'காடு' எது என்று இப்போது புரிந்திருக்கும். மரம் மட்டும் இருந்தால் போதாது. மரத்துக்குக் கீழே நிழல், நிழலுக்குக் கீழே புதர், புதருக்குக் கீழே சருகு மெத்தை, சருகுக்குள் விதை. இந்த நாலடுக்கில் ஒன்று உருவப்பட்டாலும் மரகதப் புறா காலி செய்துவிடும். வரிசையாக நட்டு, அடியில் துடைத்துவைத்த மாதிரி சுத்தமாக இருக்கும் சவுக்குத் தோப்பு நம்ம கண்ணுக்குக் காடு மாதிரி தெரியலாம். இந்தப் புறாவுக்கு அது நாற்காலி இல்லாத காலி ஹால்.

இப்போது திருநள்ளாற்றுக்குத் திரும்புவோம். இந்த ஊர் சிவனுக்குப் பேர் தர்ப்பாரண்யேஸ்வரர். தர்ப்பை சரி, 'ஆரண்யம்' என்றால்? காடு! தர்ப்பைக் காட்டு ஈசன். பக்கத்து கொம்யூன் எது? நெடுங்காடு. வடக்கே போனால் தலைச்சங்காடு, திருவெண்காடு. தெற்கே வேதாரண்யம். கடலோரம் இருக்கும் திருவேட்டக்குடியில் சிவன் வேடனாக வந்த கதை சொல்வார்கள், வேட்டை என்றால் காடு இல்லாமலா? நளன் கதையை எடுத்துக்கொள்ளுங்க. ராஜ்யத்தைத் தோற்று, காட்டில் பசியோடு திரிகிறான். தரையில் பொன்னிறமாக ஒரு பறவை. பிடித்துவிடலாம் என்று உடுத்தியிருந்த துணியை அதன்மேல் வீசுகிறான். அது துணியோடு பறந்துவிடுகிறது. சனிப்பெயர்ச்சிக்கு நளன் குளத்தில் முங்கி எழும் லட்சக்கணக்கான ஜனங்களில் எத்தனை பேருக்கு இந்தப் பறவை ஞாபகம் வருமோ தெரியாது. (அந்தப் பறவை மரகதப் புறாவா என்று கேட்டு எனக்கு லெட்டர் போடாதீங்க. அது பொன், இது பச்சை!)

பேரெல்லாம் காடு. சுற்றிப் பார்த்தால்? நெல்லு, நெல்லு, நெல்லு. தை வரைக்கும் கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை, அப்புறம் உளுந்து, அப்புறம் வெடித்த களிமண். இது நேற்று நடந்த மாற்றம் இல்லை. காவிரித் தண்ணீரை வாய்க்கால் வெட்டித் திருப்பிய காலத்திலிருந்தே டெல்டாவில் மரம் போய் வயல் வந்திருக்கிறது. சோழர்கள் சோறு போட்டார்கள் என்று பெருமைப்படுகிறோம், அந்தச் சோற்றுக்கு இடம் கொடுத்தது காடு. மிச்சமிருந்த தோப்பும் துரவும் போனது சமீபத்துக் கதை. சா. கந்தசாமியின் 'சாயாவனம்' நாவல் உங்க லைப்ரரியில் கட்டாயம் இருக்கும். 1969-ல் வந்தது. வெளிநாட்டிலிருந்து திரும்பிவரும் ஒருவன் கரும்பாலை கட்டுவதற்காக ஒரு அடர்ந்த வனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அழிப்பதுதான் கதை. சாயாவனம் என்ற ஊர் பூம்புகார் பக்கத்தில் இருக்கிறது. காரைக்காலிலிருந்து பைக்கில் போய்விடலாம். இந்தப் பகுதியில் 'வனம்' என்ற வார்த்தை எப்படி வெறும் ஊர்ப்பேர் ஆனது என்று தெரிந்துகொள்ள பத்து ரிப்போர்ட் படிப்பதைவிட அந்த ஒரு நாவல் போதும் என்பது என் கட்சி.

முழுசாகத் துடைத்துவிட்டோம் என்றும் சொல்ல முடியாது. வேதாரண்யம் தாண்டி கோடியக்கரையில் இன்னும் அசல் கடலோரக் காடு இருக்கிறது. வெப்பமண்டல உலர் பசுமைக்காடு என்பார்கள். உயரம் அதிகம் இல்லாத, பின்னிப் பிணைந்த, வெயிலிலும் பச்சை மாறாத காடு. 1967-ல் சரணாலயம் ஆனது. வெளிமான் பார்க்கப் போகிறவர்கள் ஜீப்பை விட்டு இறங்கி அந்த மரங்களின் அடியையும் ஒரு நிமிஷம் பாருங்க. திருநள்ளாற்றின் 'ஆரண்யம்' என்ற வார்த்தைக்கு ஒரு காலத்தில் என்ன பொருள் இருந்திருக்கும் என்று கொஞ்சம் புரியும். புதுச்சேரி, விழுப்புரம் பக்கத்துக் கோயில் காடுகளிலும் இந்த வகைக் காட்டின் துண்டு துக்காணிகள் பிழைத்திருக்கின்றன. 'ஐயனார் கோபிப்பார்' என்ற பயம் சில இடங்களில் வனத்துறை வேலையைப் பார்த்திருக்கிறது!

சரி, மரகதத்தை எங்கேதான் பார்ப்பது? மேற்குத் தொடர்ச்சி மலை முழுக்க இருக்கிறது. வால்பாறை, டாப்ஸ்லிப், முதுமலை என்று எங்கே போனாலும் வாய்ப்பு உண்டு. காரைக்கால்காரர்களுக்குக் கொஞ்சம் கிட்டம் என்றால் கொல்லிமலை. திருச்சி, நாமக்கல் வழியாகக் காரவள்ளி அடிவாரம், அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. ஐ.வி. டூருக்கு ஒரு இண்டஸ்ட்ரியைக் காட்டிவிட்டு மிச்ச ரெண்டு நாளை ஊட்டியில் கழிக்கும் புண்ணியவான்களே, ஒரு தடவை ரூட்டை மாற்றுங்க. நடு மத்தியானம் அருவியில் கும்மாளம் போட்டால் குரங்குதான் தெரியும். காலை ஆறு மணிக்கு, நாலு பேருக்கு மேல் சேராமல், செல்லில் பாட்டை நிறுத்திவிட்டு, காப்பித் தோட்டத்துப் பலா நிழல் விழுகிற மண் பாதையில் மெல்ல நடங்க. ஆகாயத்தைப் பார்க்காதீங்க, தரையைப் பாருங்க. முப்பது அடி தூரத்தில் ஒரு சருகு நகர்கிற மாதிரி இருக்கும்.

அதற்கு முன்னாடியே காது பிடித்துவிடலாம். யாரோ தூரத்தில் காலி பாட்டில் வாயில் மெதுவாக ஊதுகிற மாதிரி, ஆழமான ஒரு 'ஹூ... ஊம்'. ஆரம்பம் காதில் விழாத அளவுக்கு மெலிசு, போகப்போக ஏறும். ஆறேழு தடவை வரும், நிற்கும், மறுபடி வரும். சோகமான குரல் என்று பல புத்தகங்கள் சொல்கின்றன. சோகம் நம்ம காதில்தான், அது ஜோடியைக் கூப்பிடுகிறது. லவ் லெட்டரை எடுத்துக்கொண்டு போவதாக சினிமாவில் வருகிறதே, அது மாடப் புறாவின் வம்சம். மரகதத்திடம் லெட்டர் கொடுத்தால் பக்கத்துப் புதர் வரைக்கும்தான் டெலிவரி.

குடும்ப விஷயத்தில் மட்டும் எல்லாப் புறாவும் ஒரே மாதிரி. கூடு என்ற பேரில் நாலு குச்சியை அடுக்கிவைக்கும், சிவில் இன்ஜினீயரிங் பசங்க பார்த்தால் பயந்துவிடுவார்கள். ரெண்டு முட்டை, வெளிறிய கிரீம் கலர். குஞ்சுக்குத் தொண்டைப் பையில் சுரக்கும் 'புறாப் பால்' தான் முதல் சாப்பாடு. அதை அம்மா மட்டுமல்ல, அப்பாவும் சுரந்து ஊட்டுவார்! தண்ணீர் குடிப்பதும் மற்றப் பறவைகள் மாதிரி ஒவ்வொரு வாய்க்கும் தலையைத் தூக்கி இல்லை. அலகை உள்ளே விட்டு ஸ்ட்ரா போட்ட மாதிரி ஒரே உறிஞ்சு. இதையெல்லாம் உங்க தெருப் புறாவிடமே செக் பண்ணலாம்.

இப்போது கொஞ்சம் சீரியஸ். உலக அளவில் இந்தப் புறாவுக்கு உடனடி ஆபத்து என்று சிவப்புப் பட்டியல் சொல்லவில்லை, 'கவலை குறைந்த' இனம் என்றுதான் போட்டிருக்கிறது. ஆனால் எண்ணிக்கை இறங்குமுகம் என்றும் சேர்த்தே குறிப்பிடுகிறது. 'நிறைய இருக்கே, என்ன ஆகிடப்போகுது' என்ற டயலாக்கை வேறு யாரிடம் சொன்னாலும் புறாக்களிடம் சொல்லக் கூடாது. வட அமெரிக்காவில் கோடிக்கணக்கில் வானத்தை மறைத்துப் பறந்த பயணிப் புறாவின் கடைசிப் பறவை, மார்த்தா என்று பேர், 1914 செப்டம்பர் 1-ஆம் தேதி சின்சினாட்டி மிருகக்காட்சி சாலையின் கூண்டில் செத்தது. அதோடு அந்த இனமே முடிந்தது. நம்ம பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழும் நீலகிரி காட்டுப் புறா இன்றைக்கு 'அழிய வாய்ப்புள்ள' பட்டியலில் இருக்கிறது. மரகதப் புறாவைப் பிடிப்பதும், கூண்டில் வளர்ப்பதும், கவண் வைத்து அடித்து வறுப்பதும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 'அழகா இருக்கே, ஒரு ஜோடி வாங்கி வளர்க்கலாமா' என்று கேட்கிற ஃப்ரெண்டுக்கு இதைப் படித்துக் காட்டுங்க.

கவண் தெரிந்த எதிரி. தெரியாத எதிரி ஒன்று இருக்கிறது, அதுவும் நம்ம மாதிரி படிக்கிற இடங்களிலேயே. கண்ணாடி! ஆள் உயரத்தில், மரங்களுக்கு நடுவே அம்பாகப் பறக்கும் பறவை இது என்று சொன்னேன் இல்லையா? காட்டோரம் ஒரு கட்டடம், அதில் பெரிய கண்ணாடிச் சுவர். கண்ணாடியில் எதிர் மரம் பிரதிபலிக்கிறது. புறாவுக்கு அது இன்னொரு காட்டுப் பாதை. முழு வேகத்தில் போய் மோதி, அங்கேயே முடிந்துவிடும். சிங்கப்பூரில் இது பெரிய பிரச்னை. அங்கே தேசியப் பல்கலைக்கழகத்தின் லீ காங் சியான் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், கட்டடங்களில் மோதி இறந்த பறவைகளை மக்களிடம் கேட்டுவாங்கி ஆராய்கிறது. அந்தப் பட்டியலில் மரகதப் புறா திரும்பத் திரும்ப வரும் பேர். நம்ம மலை ஊர்களில் ரிசார்ட்டும் காலேஜும் கண்ணாடி மாட்டிக்கொண்டிருக்கும் வேகத்தைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது.

தீர்வு கஷ்டமே இல்லை. கண்ணாடியின் வெளிப்பக்கம் ரெண்டு அங்குலத்துக்கு ஒன்றாகப் புள்ளியோ கோடோ ஒட்டினால் பறவைக்கு 'இங்கே சுவர்' என்று புரிந்துவிடும். பருந்து படம் ஒன்றே ஒன்று ஒட்டினால் வேலைக்காகாது, அதைச் சுற்றிக்கொண்டு போய் மோதும். மோதி மயங்கிக் கிடந்தால் வாயில் தண்ணீர் ஊற்றாதீங்க. ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக, சத்தமில்லாமல் ஒன்றிரண்டு மணி நேரம் வையுங்க. தெளிந்தால் மரம் இருக்கும் பக்கம் திறந்துவிடுங்க. தெளியாவிட்டால் வனத்துறைக்கு போன்.

'காரைக்கால்ல மரகதப் புறாவே இல்லை, நான் ஏன் கண்ணாடியில புள்ளி வைக்கணும்?' என்று கடைசி பெஞ்சிலிருந்து குரல் கேட்கிறது. நல்ல கேள்வி. ஐப்பசி வாக்கில் வடக்கே இருந்து ஆறுமணிக் குருவி என்று ஒரு விருந்தாளி தமிழகக் கரைக்கு வரும். அதுவும் தரையில் சருகைக் கிளறிப் பூச்சி பொறுக்கும் ஆள். பச்சை முதுகு, நீலத் தோள், சிவப்பு வயிறு. காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் விசிலடிக்கும் என்பதால் அந்தப் பேர். களைத்துப் போய் ஊருக்குள் வீட்டு வராந்தாவில் விழுந்து கிடந்த ஆறுமணிக் குருவிகளின் கதை கடலோர ஊர்களில் நிறைய உண்டு. உங்க கேம்பஸில் தினமும் கூட்டிப் பெருக்கிக் கொளுத்துகிறார்களே சருகு, அதில் ஒரு மூலையை மட்டும், நாலு மரத்தடியை, ஒரு வருஷம் தொடாமல் விடச் சொல்லுங்க. என்.எஸ்.எஸ். யூனிட் நினைத்தால் ஒரு லெட்டரில் முடியும். பாம்பு வரும் என்று பயந்தால் நடைபாதையை விட்டுத் தள்ளி ஒரு மூலையைத் தேர்ந்தெடுங்க. மரகதம் வராது, ஆறுமணிக் குருவி வரலாம். தவிட்டுக் குருவிக் கூட்டம் வரும். புள்ளிப் புறா கண்டிப்பாக வரும்.

அந்தப் புள்ளிப் புறாவிலிருந்தே ஆரம்பிக்கலாம். நெடுங்காடு வேளாண் கல்லூரியோ, திருவேட்டக்குடி என்.ஐ.டி.யோ, காரைக்கால் அண்ணா கலைக் கல்லூரியோ, உங்க கேம்பஸில் எத்தனை வகைப் புறா என்று ஒரு வாரம் கணக்கெடுத்துப் பாருங்க. கழுத்தில் செஸ் போர்டு மாதிரி கறுப்பு வெள்ளைப் புள்ளி இருந்தால் புள்ளிப் புறா. இன்னும் சிறிசாக, மார்பில் துரு நிறப் பொட்டு இருந்தால் சின்னத் தவிட்டுப் புறா. சாம்பல் உடம்பு, பின்கழுத்தில் ஒரு கறுப்பு அரைவளையம் என்றால் கள்ளிப் புறா. கோபுரத்து மாடப் புறாவைச் சொல்லவே வேண்டாம். இந்த நாலையும் பார்த்ததும் பேர் சொல்லப் பழகினால், கொல்லிமலையில் அஞ்சாவது ஆள் அரை செகண்ட் தெரிந்தாலும் தவறவிட மாட்டீங்க. பார்த்ததை 'இ-பேர்ட்' தளத்தில் ஏற்றலாம், இலவசம். பொங்கல் சமயத்தில் தமிழகம் முழுக்க நடக்கும் பறவைக் கணக்கெடுப்பிலும், பிப்ரவரியில் கல்லூரி வளாகங்களுக்கென்றே நடக்கும் கணக்கெடுப்பிலும் கலந்துகொள்ளலாம். பதினைந்து நிமிஷம் போதும், பைனாகுலர் கூட கட்டாயம் இல்லை.

லிஸ்ட் போடும்போது ஒண்ணு. 'இதைப் போய் எழுதுவதா' என்று காக்காவை விட்டுவிடாதீங்க. இருக்கிறது திருநள்ளாறு, அவர் வாகனம் அது!